சத்திய ஸ்தலத்துத் தொழிலாளர்



பண்டைய எகிப்தியரின் வாழ்க்கை, சமயம், அரசர், ஈமச் சடங்குகள் ஆகியவற்றைப் பற்றி இந்த மன்றத்தில் பேசும்படி பணிக்கப்பட்டபோது, மூவாயிரம் ஆண்டுகள் இடையறாது நிலவிய ஒரு நாகரிகத்தை ஒரு மாலைப் பொழுதுக்குள் அடக்க முயன்றால், அரசர்களின் பெயர்வரிசை மிஞ்சுமே தவிர மனிதர் ஒருவரும் எஞ்சமாட்டார் என்று எனக்குத் தோன்றிற்று. ஆகையால் பிரமிடுகளில் தொடங்கிக் கிளியோபாட்ராவில் முடியும் வழக்கமான ராஜபாட்டையை விடுத்து, ஒரு சிற்றூரை மாத்திரம் உங்கள் முன் வைக்கிறேன். அந்த ஊரார் அரசர்களுக்கு மறுமை வீடு குடைந்து கொடுப்பதையே பரம்பரைத் தொழிலாகக் கொண்டவர்கள். நித்தியத்தின் சுவர்களுக்குப் பின்னால் சுண்ணச் சாந்தும் கூலிக் கணக்கும் வழக்கும் பூசலும் இருப்பதை நாள்தோறும் கண்ணால் கண்டவர்கள். அவ்வளவும் கண்ட பின்னும் அதே மறுமையைத் தங்களுக்கும் தங்கள் மனைவி மக்களுக்கும் மனமார வேண்டி நின்றவர்கள். எகிப்தைப் பற்றி நான் படித்தவற்றுள் இதைக் காட்டிலும் என்னை ஆட்கொண்ட செய்தி வேறொன்றில்லை.

நைல் நதியின் மேற்குக் கரையில், இன்றைய லக்சர் நகருக்கு எதிரே, பச்சை வயல்கள் திடீரென்று முடிந்து பாலைவனம் தொடங்கும் இடத்துக்கு அப்பால், பிரமிடைப் போலவே கூம்பி நிற்கும் ஒரு மலைமுகடு இருக்கிறது. அதன் ஒரு புறத்தில் அரசர்களின் பள்ளத்தாக்கு. மறு புறத்தில், இரு குன்றுகளுக்கிடையே ஒடுங்கிக் கிடப்பது இன்று டெயிர் எல் மெதீனா என்று வழங்கும் ஊர். அக்காலத்தில் அவ்விடத்துக்குச் சத்திய ஸ்தலம் என்று பெயர். பிரமிடு கட்டும் வழக்கம் அரசர்களிடையே நின்று, மலையைக் குடைந்து ரகசியமாக அடக்கம் செய்யும் வழக்கம் வந்த காலத்தில், கி.மு. 1500ஐ ஒட்டி, இந்த ஊர் அமைந்தது. ஊரைச் சுற்றிய மதிலின் செங்கற்களில் முதலாம் துத்மோசிஸ் மன்னனின் முத்திரை காணப்படுகிறது. ஆயினும் ஊரார் தங்கள் காவல் தெய்வங்களாக வழிபட்டது அவனுக்கு முன்னாண்ட முதலாம் அமென்ஹோதெப்பையும் அவன் தாய் அஹ்மோஸ் நெஃபர்தாரியையுமே. அந்த அரசியின் பெயரைத் தயைகூர்ந்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மதிலுக்குள்ளே, ஊர் மிகப் பெருகியிருந்த காலத்தில், 68 வீடுகள் இருந்தன. ஊருக்குக் கிணறு கிடையாது. ஆற்றுப் பக்கத்திலிருந்து கழுதைகளின் மேல் நாள்தோறும் தண்ணீர் வந்தாக வேண்டும். நானூறு ஆண்டுகளுக்கு மேலாக, சிற்பி, கல்தச்சர், ஓவியர், எழுத்தர் என்று தந்தையின் தொழிலை மகன் ஏற்று, இந்த வறண்ட இடுக்கில் ஒரு சமூகம் வாழ்ந்திருக்கிறது.

அவர்களைப் பற்றி நாம் இவ்வளவு நுட்பமாக அறிந்திருப்பது எப்படி என்ற கேள்வி எழுவது இயல்பு. எகிப்தின் பிற ஊர்கள் நைல் வெள்ளத்தின் ஈரத்தில் கரைந்து போயின. இந்த ஊர் வறண்ட நிலத்தில் இருந்தமையால் தப்பிற்று. அதனினும் முக்கியமானது, இந்த ஊராரில் பலர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் என்பது. பாப்பைரஸ் தாள் அருமையான பொருளாகையால், காலடியில் கிடந்த சுண்ணாம்புக்கல் சில்லுகளிலும் உடைந்த பானை ஓடுகளிலும் அவர்கள் கடன் கணக்கு எழுதினார்கள், கடிதம் எழுதினார்கள், வழக்கு எழுதினார்கள், மருந்து எழுதினார்கள், காதற் பாட்டும் எழுதினார்கள். வேலை முடிந்ததும் வீசியெறிந்தார்கள். 1922 முதல் 1951 வரை அங்கே அகழ்ந்த பிரெஞ்சு அறிஞர் பெர்னார் புருயேர், ஊருக்கு வடக்கே, பிற்காலத்தார் தண்ணீருக்காகத் தோண்டித் தண்ணீர் காணாமல் கைவிட்ட, 50 மீட்டருக்கும் ஆழமான ஒரு பெருங்குழியிலிருந்து இத்தகைய சில்லுகளை ஆயிரக்கணக்கில் எடுத்தார். செக் நாட்டு அறிஞர் யாரோஸ்லாவ் செர்னி தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அவற்றைப் படிப்பதிலேயே செலவிட்டார். இன்று நான் சொல்வதெல்லாம் அத்தகையோரின் உழைப்பிலிருந்து பெற்றதே.

வீடுகள் நீண்டு ஒடுங்கியவை. தெருவிலிருந்து இறங்கி நுழைந்தால் முன்னறை. அதில் செங்கல்லால் கட்டிச் சுண்ணம் பூசிய ஒரு மேடை, வீட்டைக் காக்கும் குள்ளத் தெய்வம் பெஸ்ஸின் உருவம் தீட்டப்பெற்றது. அடுத்து, நடுவே தூண் நிறுத்திய கூடம். அதன் சுவர் மாடங்களில் முன்னோரின் சிறு சிலைகள். அப்பால் படுக்கையறை, பின்கட்டில் அடுப்பும் மாவரைக்கும் கல்லும், மேல்தளத்துக்குப் படி, தரைக்கடியில் நிலவறை. சாதாரண வீடு ஒன்றின் பரப்பு எழுபது சதுர மீட்டர் அளவுக்குள் அடங்கும்.

ஆண்கள் கப்பல் மாலுமிகளைப் போல வலப்பக்கம், இடப்பக்கம் என இரு அணிகளாகப் பிரிந்து, அணிக்கொரு தலைவனும் பொதுவாக எழுத்தரும் மேற்பார்க்க வேலை செய்தார்கள். அவர்களுடைய வாரம் பத்து நாள். எட்டு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு. வேலை நாள்களில் வீடு திரும்பாமல், ஊருக்கும் பள்ளத்தாக்குக்கும் இடையிலுள்ள மலைக்கணவாயில் கல் குடிசைகளில் இரவைக் கழிப்பதும் உண்டு. நாணயம் புழங்காத காலம் அது. கூலி தானியமாகவே வந்தது: சாதாரணத் தொழிலாளிக்கு மாதம் நான்கு சாக்குக் கோதுமை, ஒன்றரைச் சாக்கு வாற்கோதுமை, சாக்கு ஒன்று எழுபத்தைந்து லிட்டருக்குச் சற்று மேற்பட்ட அளவு. கோதுமை ரொட்டிக்கு, வாற்கோதுமை பீருக்கு. மீனும் காய்கறியும் விறகும் மண்பாண்டமும் அரசே அனுப்பும். சந்தையில் கழுதைக்கும் கட்டிலுக்கும் விலை பேசும்போது, டெபன் எனப்படும் 91 கிராம் செம்பின் எடையால் மதிப்பிட்டு, பண்டத்துக்குப் பண்டம் மாற்றிக்கொள்வார்கள். அரசின் சொத்தாகிய செப்பு உளிகள் நிறுத்துக் கொடுக்கப்பட்டு, தேய்ந்தபின் நிறுத்தே திரும்பப் பெறப்பட்டன. சூரிய வெளிச்சம் எட்டாத குடைவறைகளில் எரிந்த விளக்குத் திரிகள்கூட, முற்பகலுக்கு இத்தனை, பிற்பகலுக்கு இத்தனை என்று எண்ணி எழுதப்பட்டன. பாரோவின் அமரத்துவம் திரிக் கணக்கில் அடங்கியிருந்தது என்பதை அந்த எழுத்தர்களைவிட நன்கறிந்தவர் எவருமில்லை.

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒரு பெரிய சுண்ணாம்புக்கல் சில்லு இருக்கிறது. இரண்டாம் ராம்சேஸ் ஆட்சியின் 40ஆம் ஆண்டில், கி.மு. 13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், எழுதப்பட்ட வருகைப் பதிவேடு அது. நாற்பது பேருடைய பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கறுப்பு மையில் வராத நாள், அதற்கு மேலே சிவப்பு மையில் காரணம். ஒருவனைத் தேள் கொட்டியிருக்கிறது. ஒருவனுக்குக் கண்நோய். ஒருவன் பண்டிகைக்குப் பீர் வடித்துக்கொண்டிருந்தான். ஒருவனின் மனைவியோ மகளோ வீட்டுக்கு விலக்கு; அதற்காக அவன் வரவில்லை. ஒருவன் தன் தாயின் உடலைப் பதப்படுத்திக்கொண்டிருந்தான். மற்றொருவன் சகோதரனின் உடலைத் துணியால் சுற்றிக்கொண்டிருந்தான். பிரேதத்தைப் பேணுவதற்காக விடுப்பு எடுத்தவனும் பீர் வடிப்பதற்காக விடுப்பு எடுத்தவனும் ஒரே ஏட்டில், ஒரே எழுத்தில், அடுத்தடுத்து நிற்கிறார்கள். எகிப்தியர் எப்போதும் மரணத்தையே சிந்தித்துச் சோர்ந்திருந்தவர்கள் என்று எழுதுவோர் இந்தக் கல்லை ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது என் விண்ணப்பம். மரணத்துக்கான ஏற்பாடு அவர்களுக்கு அடுப்பு மூட்டுவதையும் நாற்று நடுவதையும் ஒத்த இயல்பான குடும்பக் காரியம்.

பெண்களின் நிலையைப் பற்றி நவுநக்தே என்ற மூதாட்டி விட்டுச் சென்ற சாசனமே போதிய சாட்சி. ஐந்தாம் ராம்சேஸின் மூன்றாம் ஆண்டில் அவள் ஊர் மன்றத்தின் முன் வந்து நின்று, தான் பாரோவின் நாட்டில் சுதந்திரமான ஒரு ஸ்திரீ என்றும், எட்டு மக்களை வளர்த்து அவரவர்க்கு வேண்டிய வீட்டுச் சாமான்களும் கொடுத்து வாழவைத்ததாகவும், இப்போது முதுமையில் தன்னைக் கைதூக்கிய மக்களுக்கே தன் சொத்து சேரும், கைவிட்டவர்களுக்குச் சேராது என்றும் அறிவித்தாள். தன்னைப் பேணிய மகன் ஒருவனுக்குத் தனியாக ஒரு வெண்கலப் பாத்திரத்தையும் எழுதிவைத்தாள். அவனுடைய பெயர் கென்ஹெர்கெப்ஷெஃப். அது அவளுடைய முதற் கணவனின் பெயர். அவன் அவளைவிட மிக மூத்தவன், ஊர் எழுத்தன், ஏடுகளைத் தேடித் தேடிச் சேர்த்து வைத்தவன். இரண்டாவது கணவனுக்குப் பிறந்த மகனுக்கு முதற் கணவனின் பெயரை இட்டு அழைத்த அந்தப் பெண்ணின் மனத்தை எந்த அரசனின் வெற்றிக் கல்வெட்டிலும் நான் காண்பதில்லை.

இனி, தொழிலுக்கு வருவோம். ஓர் அரசன் பட்டமேறியவுடனே அவனுடைய கல்லறைக்கான வேலை தொடங்கிவிடும். கல்தச்சர் முன்னே குடைந்து செல்ல, பின்னால் வருவோர் சுவரைச் சாந்து பூசி மெழுக, ஓவியர் சிவப்பு மையில் கட்டங்கள் இட்டு உருவங்களை வரைய, தலைமை ஓவியன் கறுப்பு மையில் அவற்றைத் திருத்த, சிற்பி அந்தத் திருத்திய கோட்டின் வழியே செதுக்க, இறுதியில் வண்ணம் தீட்டுவோர் வருவார்கள். 1908இல் கண்டெடுக்கப்பட்ட ஹோரெம்ஹெப் மன்னனின் கல்லறை முற்றுப்பெறாமல் நின்றுவிட்டபடியால், இந்தப் படிகள் யாவற்றையும் அதன் சுவர்களில் இன்றும் காணலாம். எதிர்பாராத விபத்துகளும் நேர்ந்தன. செத்நக்த் மன்னனுக்காகக் குடைந்துகொண்டே போனபோது, பழைய கல்லறை ஒன்றின் கூரையை உளி உடைத்துவிட்டது. வேலை அப்படியே நின்றது. அவனுடைய மகன் மூன்றாம் ராம்சேஸ் அதே சுரங்கத்தை எடுத்துக்கொண்டு, அச்சைச் சற்று விலக்கி மேற்கொண்டு குடையச் செய்தான். இன்றும் உள்ளே நடப்பவர் ஓரிடத்தில் பாதை பக்கவாட்டில் ஒதுங்குவதைக் காணலாம்.

பிறருக்காகக் குடைந்த இந்தக் கைகள், ஓய்வு நாள்களில் ஊருக்கு மேற்கேயுள்ள சரிவில் தங்களுக்காகவும் குடைந்தன. 1886இல் திறக்கப்பட்ட சென்னெஜெம் என்பவனின் கல்லறை சிறிய அறைதான்; ஆயினும் அதன் சுவர் ஓவியங்களின் பொன்மஞ்சள் நிறத்தைக் கண்டவர்கள் மறப்பதில்லை. அவனும் அவன் மனைவி ஈநெஃபர்தியும் வெள்ளை ஆடை உடுத்து, ஒசைரிஸ் தெய்வத்தின் நாட்டில், நீர் சூழ்ந்த வயலில் ஏர் உழுகிறார்கள், கதிர் அறுக்கிறார்கள். வாழ்நாள் முழுவதும் கல்லைக் குடைந்தவன்; உண்ட சோறு அரசின் களஞ்சியத்திலிருந்து வந்தது; கலப்பையைத் தொட வேண்டிய அவசியமே இல்லாதவன். அவன் தனக்கு மறுமையில் கேட்டது வயல். வறண்ட மலையிடுக்கில், குடிக்கும் தண்ணீருக்கும் கழுதையின் வருகையை எதிர்நோக்கி வாழ்ந்தவன் கரைபுரண்டு ஓடும் வாய்க்காலை வரைந்துகொண்டான் என்பதில் எவ்வளவு ஏக்கம் பொதிந்திருக்கிறது!

சவத்தைப் பதப்படுத்தும் முறையைப் பற்றிப் பலரும் அறிந்திருப்பதால் சுருங்கச் சொல்கிறேன். எழுபது நாள் கிரியை அது. மூளையை மூக்கின் வழியாக எடுத்து எறிந்துவிடுவார்கள். ஈரல், நுரையீரல், இரைப்பை, குடல் ஆகியவற்றைத் தனித்தனியே பதப்படுத்தி நான்கு ஜாடிகளில் வைப்பார்கள். நினைவுக்கும் அறிவுக்கும் இருப்பிடமென்று கருதிய இதயத்தை மாத்திரம் உடலிலேயே விட்டுவைப்பார்கள். மறுமை மன்றத்தில் சத்திய தேவதையாகிய மாத்தின் இறகுக்கு எதிரே தராசில் நிறுக்கப்படப் போவது அந்த இதயமே. உடலை நேட்ரான் என்ற உப்பில் புதைத்து உலர்த்தி, எண்ணெய் பூசி, துணியால் சுற்றி, அடக்கம் செய்யும் நாளில் வாய் திறப்புச் சடங்கு செய்து, மீண்டும் உண்ணவும் பேசவும் வல்லதாக்குவார்கள். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எகிப்துக்குச் சென்ற கிரேக்கர் ஹெரோடோட்டஸ், பணத்துக்குத் தக்கபடி மூன்று தரமான முறைகள் இருந்தன என்று விவரித்திருக்கிறார். இரண்டாம் ராம்சேஸின் சடலத்தை ஆராய்ந்தபோது நாசித் துவாரங்களுக்குள் மிளகு மணிகள் காணப்பட்டன என்ற செய்தி, மிளகு விளையும் மலைகளை அறிந்த நமக்கு ஓர் இனிய வியப்பைத் தரக்கூடியது. மூவாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே நம் பக்கத்துக் கொடியின் காய் எத்தனை கைகள் மாறி அவ்விடம் சேர்ந்ததோ!

ஆனால் சாமானியர்களின் அடக்கம் எப்படியிருந்தது என்பதற்கு, 1906இல் இத்தாலிய அறிஞர் எர்னெஸ்தோ ஸ்கியாபரெல்லி அந்த மலைச்சரிவில் கண்டெடுத்த கா, மெரித் தம்பதியரின் கல்லறையைவிடச் சிறந்த சான்று கிடையாது. கா என்பவன் இரண்டாம் அமென்ஹோதெப் முதலாக மூன்று அரசர்களிடம் பணிகளின் மேற்பார்வையாளனாக உயர்ந்தவன். கொள்ளையர் கை படாத அந்த அறையில் கட்டில்கள், நாற்காலிகள், மடிக்கும் முக்காலி, பலவித வடிவங்களில் சுட்ட ரொட்டிகள், மடித்து வைத்த ஆடைகள், விளையாட்டுப் பலகை, அரசன் பரிசளித்த பொன் தகட்டு அளவுகோல், மெரித்தின் ஒப்பனைப் பெட்டி, அவளுடைய பின்னலிட்ட பொய்மயிர் யாவும் வைத்தது வைத்தபடி கிடந்தன. இன்று அவற்றை டூரின் அருங்காட்சியகத்தில் காணலாம். மெரித் கணவனுக்கு முன்னே, எதிர்பாராத வயதில், இறந்துபோனாள். அவளுக்கென்று பேழை இன்னும் தயாராகவில்லை. கா தனக்காகச் செய்துவைத்திருந்த பேழையை அவளுக்குக் கொடுத்துவிட்டான். அது அவளுடைய சிறிய உடலுக்கு மிகப் பெரிதாக இருந்தது. இடைவெளியில் அவன் தன் பெயர் எழுதிய துணிகளை வைத்து அடைத்தான். சவ அடக்க முறைகளைப் பற்றிய எந்த நூலும் எனக்கு இதைவிட அதிகம் போதித்ததில்லை. விதிப்படி செய்யப்பட்ட சடங்கு ஒருபுறம் இருக்க, அவசரத்தில், துயரத்தில், கைக்குக் கிடைத்ததைக் கொண்டு ஒருவன் செய்த காரியம் அது.

இந்த ஊராரின் தெய்வ பக்தியும் பெருங்கோயில்களின் பக்தியினின்று வேறானது. எதிர்க்கரையிலிருந்த கர்னாக் கோயிலின் கருவறைக்குள் சாமானியன் நுழைய முடியாது. இவர்களோ வீட்டு மாடத்திலும் மலைப்பாதையிலும் வழிபட்டார்கள். மலைமுகட்டையே மெரெட்செகர் என்ற நாக தேவதையாகக் கண்டார்கள். நெஃபராபு என்பவன் ஒரு கல்லில், தான் அறியாமையால் அவளுக்குப் பிழை செய்ததையும், அவள் தண்டித்ததையும், மூச்சுக்காகத் தவித்ததையும், கூவி அழைத்தபின் அவள் இனிய காற்றாக வந்து மன்னித்ததையும் ஊரறியச் செதுக்கிவைத்தான். வேறொரு கல்லில், ப்தா தெய்வத்தின் பேரால் பொய்ச் சத்தியம் செய்து பார்வை இழந்ததை ஒப்புக்கொண்டான். ஓவியன் நெப்ரே, நோயுற்ற மகன் பிழைத்ததற்கு நன்றியாக ஆமுன் கடவுளுக்கு நட்ட கல்லில், ஏழையின் குரலுக்கு இறங்கிவரும் கடவுள் என்றும், அவருடைய கோபம் கணத்தில் தணிவது என்றும் போற்றினான். அரசர்களின் சாசனங்களில் குற்ற ஒப்புதல் என்பதைத் தேடினாலும் காண்பது அரிது. தவறு செய்தேன் என்று கல்லில் வெட்டத் துணிந்தவர்கள் இந்தக் கல்தச்சர்களே. வழக்குகளிலும் தெய்வம் பேசிற்று. முதலாம் அமென்ஹோதெப்பின் திருவுருவைத் தோளில் சுமந்து ஊர்வலம் வரும்போது, வாதி தன் கேள்வியை முன்வைப்பான். உருவம் முன்னே சாய்ந்தால் ஆம், பின்னே நகர்ந்தால் இல்லை. சுமந்தவர்கள் அண்டை வீட்டுக்காரர்கள். வழக்கின் உள்ளும் புறமும் தெரிந்தவர்கள். ஊரின் மனச்சாட்சி அந்தத் தோள்களின் வழியே பேசிற்றென்றே நான் கருதுகிறேன். அதனால் அதன் தெய்வத்தன்மை குறைந்துவிட்டதாக அவர்கள் எண்ணவில்லை, நாமும் எண்ண வேண்டியதில்லை.

இப்போது அரசனைப் பற்றிப் பேச வேண்டிய இடம் வந்துவிட்டது. கி.மு. 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் 31 ஆண்டுகள் ஆண்ட மூன்றாம் ராம்சேஸ், பேரரசர் வரிசையில் கடைசியானவன் என்று பொதுவாக மதிக்கப்படுகிறான். லிபியரை இருமுறை முறியடித்தான்; எட்டாம் ஆட்சியாண்டில், கடல்வழியாகவும் தரைவழியாகவும் படையெடுத்து வந்த கடல்மக்களைத் தடுத்து நிறுத்தினான்; அந்தப் போர்க் காட்சிகள் யாவும் மேற்குக் கரையில் அவன் எழுப்பிய மெதீனத் ஹபு கோயிலின் சுவர்களில் விரிந்து கிடக்கின்றன. அவன் கோயில்களுக்கு வழங்கிய நிலமும் ஆளும் பொன்னும் கால்நடையும் ஒரு பாப்பைரஸ் சுருளில் பட்டியலிடப்பட்டுள்ளன. ஹாரிஸ் சுருள் எனப்படும் அது நாற்பது மீட்டர் நீளமுடையது. அத்தனை வள்ளன்மை உடையவனின் களஞ்சியத்திலிருந்து, அவனுடைய கல்லறையைக் குடைந்துகொண்டிருந்தவர்களுக்குக் கோதுமை வந்துசேரவில்லை.

29ஆம் ஆட்சியாண்டு அது. கூலி இருபது நாள் தாமதமானபோது, ஊர் எழுத்தர் அமென்நக்த் தாமே ஹோரெம்ஹெப் கோயிலுக்குச் சென்று முறையிட்டு 46 சாக்குக் கோதுமை பெற்றுவந்தார். அது எத்தனை நாளுக்குப் போதும்? சில மாதங்களில் மீண்டும் பஞ்சம். தொழிலாளர் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு, காவல் எல்லையிலிருந்த ஐந்து சுவர்களையும் கடந்து, வயலோரத்துக்கு இறங்கி, மூன்றாம் துத்மோசிஸ் கோயிலின் பின்புறம் போய் உட்கார்ந்தார்கள். அதிகாரிகள் வந்து அழைத்தார்கள், சத்தியம் செய்தார்கள்; தொழிலாளர் அசையவில்லை. அடுத்தடுத்த நாள்களில் இரண்டாம் ராம்சேஸின் நினைவுக் கோயிலுக்கே சென்று அமர்ந்து, பசியும் தாகமுமே தங்களை இங்கே கொண்டுவந்தன என்றும், உடுக்கத் துணியில்லை, எண்ணெயில்லை, மீனில்லை, காய்கறியில்லை என்றும், இதைப் பாரோவுக்கு எழுதியனுப்புங்கள் என்றும் கேட்டார்கள். காவல் தலைவன் மொந்துமோஸ் அவர்களைத் தடியால் விரட்டவில்லை. பெண்டு பிள்ளைகளையும் அழைத்துவாருங்கள், முதலாம் சேத்தி கோயிலுக்கு நானே உங்களை நடத்திச் செல்கிறேன் என்றான். முந்திய மாதத்துக் கூலி வந்தது. பின்னரும் கிளர்ச்சி நின்றபாடில்லை. அமைச்சர் தோ, களஞ்சியமே காலியாக இருந்தாலும் கிடைத்ததைத் தருவேன் என்று சொல்லி அனுப்பிப் பாதிக் கூலி கொடுத்தார். ஒரு கட்டத்தில் தொழிலாளர், நாங்கள் வெளியேறியது பசியால் மாத்திரம் அன்று, பாரோவின் இந்த இடத்தில் அநீதி நடந்திருக்கிறது என்றார்கள். உலக வரலாற்றில் எழுத்தில் பதிவாகியுள்ள முதல் வேலைநிறுத்தம் இதுவே எனலாம். டூரினில் உள்ள அந்தச் சுருளை எழுதியவர் அமென்நக்த் என்றே அறிஞர் கொள்கின்றனர். இதில் கவனிக்கத்தக்கது, பாரோ தெய்வமென்ற நம்பிக்கையை அவர்கள் கைவிடவில்லை என்பதே. தெய்வமாகையால்தான் அவனுடைய பெயரால் அநீதி நடக்கக்கூடாதென்று வாதாடினார்கள்.

மூன்றாண்டுகளுக்குப் பின், 32ஆம் ஆட்சியாண்டில், அந்தத் தெய்வம் அந்தப்புரச் சதியொன்றில் உயிரிழந்தது. தியே என்ற அரசி தன் மகன் பென்தாவெரேயைப் பட்டமேற்றச் சூழ்ச்சி செய்ததும், சதிகாரர் விசாரிக்கப்பட்டதும் நீதிச் சுருளொன்றில் உள்ளன. அரசன் எப்படி இறந்தான் என்பது நெடுங்காலம் தெளிவாகவில்லை. 2012இல் வெளியான ஊடுகதிர் ஆய்வு, கழுத்துக் கட்டுகளுக்கடியில் குரல்வளையை எலும்புவரை அறுத்த ஆழமான காயத்தையும், பதப்படுத்தியவர்கள் அந்தக் காயத்துக்குள் ஹோரஸின் கண் என்ற தாயத்தை வைத்து மூடியிருந்ததையும் காட்டிற்று. மண்ணுலகில் அறுபட்டது விண்ணுலகில் கூடட்டும் என்று எவரோ ஒருவர் வைத்திருக்கிறார்.

அதன்பின் நாடு தளர்ந்தது. தானிய விலை ஏறிற்று. பாலைவனத்திலிருந்து லிபியக் கூட்டங்கள் இறங்கும் நாள்களில் வேலையே நின்றது. ஒன்பதாம் ராம்சேஸ் காலத்தில், கி.மு. 1110 அளவில், கல்லறைக் கொள்ளை வழக்குகள் வெடித்தன. அமென்பநூஃபர் என்ற கல்தச்சன், பழைய அரசன் சோபெகெம்சாஃபும் அவன் அரசியும் பொன்னணிகளோடு கிடந்த அறைக்குள் தானும் தோழர்களும் புகுந்ததையும், பொன்னை உரித்துக்கொண்டு பேழைகளுக்குத் தீயிட்டதையும், எட்டுப் பேராகப் பங்கிட்டதில் தலைக்கு இருபது டெபன் பொன் கிடைத்ததையும், பிடிபட்டபோது தன் பங்கை அதிகாரிக்குக் கொடுத்து வெளிவந்ததையும் ஒளிவுமறைவின்றி வாக்குமூலமாகக் கொடுத்தான். அடுத்த ஆண்டில் நம் ஊரைச் சேர்ந்தவர்களே, மூன்றாம் ராம்சேஸின் அரசி ஐசிஸின் கல்லறையைச் சூறையாடிய குற்றத்துக்குப் பிடிபட்டார்கள். அவர்களைக் குற்றமற்றவர்களாகக் காட்ட எனக்கு விருப்பமில்லை. எனினும் தொழிலாளர் கை தற்செயலாகக் காத்த கல்லறையும் ஒன்றுண்டு: ஆறாம் ராம்சேஸின் கல்லறைக்காக வேலை செய்தவர்கள் பள்ளத்தாக்கின் தரையில் குடிசைகள் போட்டார்கள், 1922 நவம்பர் 4ஆம் நாள் அந்தக் குடிசைகளின் அடித்தளத்தை நீக்கியபோதுதான் ஹோவார்டு கார்ட்டரின் ஆட்கள் தூத்தன்காமுன் கல்லறையின் முதற்படியைக் கண்டார்கள்.

பதினோராம் ராம்சேஸ் காலத்தில் ஊரே காலியாயிற்று. பாதுகாப்புக்காக மக்கள் மெதீனத் ஹபு கோயிலின் மதிலுக்குள் குடியேறினார்கள். யாருக்கு எதிராக அவர்களுடைய முன்னோர் வெளிநடப்புச் செய்தார்களோ அந்த மூன்றாம் ராம்சேஸின் கோட்டைச் சுவரே புகலிடமாயிற்று. அங்கே எழுத்தர் பதவியில் இருந்தவர் தூட்மோஸ். அமென்நக்தின் கொள்ளுப் பேரன். சேனாதிபதி பியாங்கின் படையோடு நூபியாவுக்குப் போன அந்த முதியவர், நோயுற்று, மகன் பூதேஹாமுனுக்கு எழுதிய கடிதங்கள் கிடைத்திருக்கின்றன: ஆமுனுக்கு நீர் வார்த்து, என்னை உயிரோடு திரும்பக் கொண்டுவரும்படி வேண்டிக்கொள் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். மகனுக்குச் சேனாதிபதியிடமிருந்து வேறுவிதமான கட்டளை வருகிறது: முன்னோரின் கல்லறைகளுள் ஒன்றைத் திறந்து, தாம் வரும்வரை முத்திரையைக் காத்து வைக்க வேண்டுமாம். போருக்குப் பொன் வேண்டியிருந்தது. கொள்ளையர் திருட்டுத்தனமாகச் செய்ததை இனி அரசே எழுத்தர்களைக் கொண்டு செய்வித்தது. பூதேஹாமுன் மலையெங்கும் ஏறியிறங்கிப் பழைய கல்லறைகளைத் தேடியதற்கு அடையாளமாக, அவருடைய கையெழுத்து பாறைகளில் எத்தனையோ இடங்களில் இருக்கிறது. அரசர்களின் சடலங்கள் பொன்னுரித்து, மீண்டும் துணி சுற்றப்பட்டு, இடம் மாற்றப்பட்டன.

நித்தியத்தின் பேழைகள் எவ்வளவு வெறுமையானவை என்பதை அவரைவிட அருகிலிருந்து கண்டவர் இலர். ஆயினும் அவருடைய மனைவி, ஆமுன் கோயிற் பாடகி அக்தாய், இறந்தபின் அவர் ஒரு சுண்ணாம்புக்கல் சில்லில் கடிதம் எழுதினார். அது அவளுடைய பேழைக்கு எழுதிய கடிதம். உனக்குள் இருப்பவளிடம் இதைச் சொல், அவள் எப்படி இருக்கிறாள் என்று கேள் என்று பேழையை வேண்டுகிறார். குற்றம் காணாத அழகியை இழந்ததைச் சொல்லி அழுகிறார். நித்தியத்தின் தலைவர்களிடம் உன் பேச்சு எடுபடுமானால் எனக்காகப் பரிந்து பேசு என்று கெஞ்சுகிறார். பகலில் அரசர்களின் பேழைகளைத் திறப்பதையே பணியாகக் கொண்டவர் எழுதிய கடிதம் இது. நம்பிக்கையையும் அனுபவத்தையும் எதிரெதிரே நிறுத்தி ஒன்று மற்றொன்றைக் கொன்றுவிடும் என்று கணக்கிடுகிறவர்கள் பூதேஹாமுனுக்கு முன்னால் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

அப்படி இடம் மாற்றப்பட்ட அரசர்களுள் சுமார் 50 பேரை, அரசகுடும்பத்தாரும் குருமாரும் உட்பட, 1881இல் டெயிர் எல் பஹரியின் அருகே ஒரு மறைகுழியில் கண்டெடுத்தார்கள். அதே குழியில் ஊரார் தெய்வமாக வணங்கிய அஹ்மோஸ் நெஃபர்தாரியின் பிரம்மாண்டமான பேழையும் இருந்தது. 1886இல் அறிஞர் காஸ்டன் மாஸ்பரோ, அதற்குள் கிடந்த சடலங்களுள் ஒன்றின் மேலுறையைக் கெய்ரோவில் அவிழ்த்துப் பார்த்தபோது, அது அந்த அரசியுடையதன்று, மூன்றாம் ராம்சேஸின் உடல் என்று தெரிந்தது. கட்டுத்துணியின் மேல் மையினால் ஒரு குறிப்பு எழுதப்பட்டிருந்தது. ஆட்சியாண்டு 13இல், தலைமைக் குரு பினூஜெம், இந்த அரசனை மீண்டும் ஒசைரிஸாக ஆக்குவதற்கு, அதாவது முறைப்படி திரும்பச் சுற்றி அடக்கம் செய்வதற்கு, இரண்டு எழுத்தர்களை நியமித்தார் என்பது அதன் சாரம். அவ்விருவரில் ஒருவர் சத்திய ஸ்தலத்து எழுத்தர் பூதேஹாமுன். கோதுமை கேட்டு வெளிநடந்தவர்களின் குறையைச் சுருளில் எழுதிவைத்த அமென்நக்தின் எள்ளுப் பேரன்.